காசுக்கு வயதைக் கேளுங்கள், விலையைக் கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு மாலை, எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் அம்மாள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். கணவர் போய் மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில்.

"சார், உங்களுக்குப் பழைய காசைப் பத்தியெல்லாம் தெரியுமாமே. இது என்ன விலை போகும்னு பார்த்துச் சொல்லுங்க."

டப்பாவின் மேலேயே பஞ்சில் சுற்றி, தங்கத்தைப் போலப் பத்திரமாக வைத்திருந்தது ஓர் ஐந்து ரூபாய் நாணயம். வைஷ்ணவ தேவி படம் போட்டது. 2012இல் வந்தது. அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வெளியிட்டார்கள். கடையில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்கு என்ன வருமோ அது வரும் என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. செல்போனில் யாரோ அனுப்பிய வீடியோ. இந்தக் காசு இருந்தால் லட்சக்கணக்கில் வாங்கிக்கொள்வார்களாம். அதில் இருந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். மிகவும் மரியாதையாகப் பேசினார்களாம். பதிவுக் கட்டணம் என்று ஆயிரத்துச் சொச்சம், அடுத்து ஜி.எஸ்.டி. என்று எட்டாயிரம், அதற்கும் அடுத்து ரிசர்வ் வங்கியின் சின்னம் போட்ட ஒரு கடிதத்தை அனுப்பி, 'கிளியரன்ஸ்' என்று இன்னும் பதினைந்தாயிரம் கேட்டிருக்கிறார்கள். முதல் இரண்டையும் கட்டிவிட்டார். மூன்றாவதைக் கட்டும் முன் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என்று என்னிடம் வந்திருக்கிறார்.

"கட்டாதீங்க அம்மா. கட்டினதும் போச்சுன்னு வைச்சுக்கங்க. முதல்ல 1930க்குப் போன் போடுவோம்" என்றேன். சைபர் மோசடிக்கு அரசு வைத்திருக்கும் எண் அது. புகாரைப் பதிவு செய்தோம். போன பணம் திரும்பி வருமா என்பது வேறு விஷயம்.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இது குறித்து அறிவிப்பு கொடுத்திருக்கிறது. பழைய காசு, பழைய நோட்டு வாங்கி விற்கும் வேலையில் அது ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சுலபமான விதி ஒன்று சொல்கிறேன்: விற்க வருகிறவனிடம் முன்பணம் கேட்கும் வியாபாரி உலகத்தில் கிடையாது. கத்தரிக்காய் விற்கப் போனாலும் நமக்குத்தான் பணம் வர வேண்டும், நாம் கொடுக்கக்கூடாது.

இந்த மோசடிக்காரர்கள் செய்யும் இன்னொரு கெடுதலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பழைய காசு என்றாலே லாட்டரிச் சீட்டு என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது யார் என் ஆல்பத்தைப் பார்த்தாலும் முதல் கேள்வி "இது எவ்வளவு போகும்?" என்பதுதான். அறுபது வருடமாகக் காசு சேர்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலையை முதலில் கேட்கிறவர் காசையும் இழப்பார், பணத்தையும் இழப்பார்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பத்து, பதினோரு வயதில். எங்கள் ஆயா சுருக்குப்பையிலிருந்து ஒரு கறுத்த செப்புக்காசை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய ஆயா காலத்ததாம். நான் அதை நேராகக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். ஆயா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் தங்கமாய் மின்னுமே, அதே வைத்தியம். புளி, சாம்பல், தேங்காய் நார். கால் மணி நேரத்தில் காசு பளபளத்தது. ஆனால் அதன் ஒரு பக்கத்தில் இருந்த லில்லிப்பூ பாதி போய்விட்டது. மறுபக்கத்தில் இருந்த எழுத்து, தடவிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆயாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் திட்டவில்லை. "விளக்குன்னு நெனச்சுக்கிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த எழுத்து என்ன என்பது, பல வருடம் கழித்து அதே வகையில் நல்ல காசு ஒன்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தமிழில் 'புதுச்சேரி' என்று ஊர்ப்பெயர். பிரெஞ்சுக்காரன் அடித்த காசு, ஒரு பக்கம் அவன் ராஜாவின் லில்லிப்பூ, மறுபக்கம் நம் எழுத்து. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ராஜாக்களின் பட்டியலைத் தலைகீழாகச் சொல்வேன். அந்த ராஜாக்களின் சின்னத்தோடு என் ஊர்ப்பெயர் என் கையில் இருந்தது, நானே அதைத் தேய்த்து அழித்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. காசு சேர்ப்பவனாக நான் ஆனதற்கும் அதுவே காரணம்.

அந்தக் காசின் பெயர் பிரெஞ்சுப் புத்தகங்களில் 'தூதூ'. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உறைத்தது, அது நம்முடைய துட்டு. அதற்கும் சின்னது 'காஷ்', அது நம் காசு. பெரியது வெள்ளியில் 'ஃபனோன்', அது நம் பணம். எட்டு ஃபனோன் ஒரு ரூபாய். துட்டு, காசு, பணம் என்ற மூன்றும் தொப்பி மாட்டிக்கொண்டு பிரெஞ்சுக் கணக்குப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கின்றன. துட்டு என்ற சொல்லே டச்சுக்காரர்களின் சிறு செப்புக்காசுப் பெயரிலிருந்து நமக்கு வந்தது என்று அகராதியில் போட்டிருக்கிறது. ஆக, டச்சுக்காரன் கொடுத்த சொல்லை நாம் தமிழாக்கி, அதைப் பிரெஞ்சுக்காரன் வாங்கிப்போயிருக்கிறான். இவ்வளவையும் சொல்லிக்கொடுத்த காசுக்கு நான் என்ன விலை போடுவது?

இன்னொன்று. 1736இல் புதுச்சேரி கவர்னர் துய்மா, ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கானிடம் அனுமதி வாங்கி, இங்கேயே வெள்ளி ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்ததும் அதே வருடம்தான். அந்த ரூபாயை எடுத்துப் பார்த்தால் பிரெஞ்சில் ஓர் எழுத்து இராது. டெல்லி பாதுஷா முகம்மது ஷா பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும், அடித்த இடம் ஆற்காடு என்று இருக்கும். புதுச்சேரியின் அடையாளமாக ஒரு சின்னப் பிறை. காரணம் எளிது. பிரெஞ்சு ராஜா பெயரைப் போட்டால் சந்தையில் யார் வாங்குவார்கள்? பாதுஷா பெயர் இருந்தால்தான் நெசவாளியும் செட்டியாரும் நம்புவார்கள். பணம் என்பது வெள்ளி அல்ல, நம்பிக்கை என்று எந்தப் பொருளாதாரப் பாடமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் ஒன்றும் நேற்று வந்ததல்ல. ரோமச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் பண்டிகை நாட்களில் பழைய ராஜாக்களின் காசையும் அயல்நாட்டுக் காசையும் பரிசாகக் கொடுப்பாராம். அவர் காலத்து வரலாற்றை எழுதிய சுவெத்தோனியஸ் சொல்கிறார். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் 1354இல் சக்கரவர்த்தி நான்காம் சார்லஸைப் பார்த்தபோது, தான் சேர்த்த ரோமக் காசுகளைக் கொடுத்து, இவர்களைப் போல ஆளுங்கள் என்று புத்தி சொன்னார். பதினான்காம் லூயியும் பெரிய சேகரிப்பாளர். அரசர்களின் பொழுதுபோக்கு என்று இதற்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

அந்த அகஸ்டஸின் வெள்ளிக்காசு கோயம்புத்தூர் வட்டாரத்து மண்ணிலிருந்து குடம் குடமாகக் கிடைத்திருக்கிறது. மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் வந்த விலை. வருடத்துக்கு 5 கோடி செஸ்டெர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி புலம்பி எழுதிவைத்தார். அவர் புலம்பலுக்கு ரசீது நம் மண்ணில் இருக்கிறது.

நம்முடைய சொந்தக் காசு கதை இன்னும் பெரிது. சங்க காலத்துப் பாண்டியர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டதற்குச் சான்றாக நிற்பது ஒரு சின்னச் சதுரச் செப்புக்காசு. அதில் தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயர். அதைப் படித்து உலகுக்குச் சொன்னவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துக் காசு பொறுக்கியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் கையில் கிடைத்ததில் எத்தனை காசு பாத்திரக்காரரிடம் எடைக்குப் போயிருக்கும்? எத்தனையைப் புளி போட்டுத் தேய்த்திருப்பார்கள்? அந்தப் பெருவழுதி ஒரு என்னைப் போன்ற பையன் கையில் அகப்பட்டிருந்தால் ராஜாவின் பெயரே போயிருக்கும்.

சரி, விலையே கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாது என்று சொன்னால் பொய். நானும் வாங்கியிருக்கிறேன், ஒரு நெருக்கடியில் சிலதை விற்றும் இருக்கிறேன். ஆனால் விலை வயதால் வருவதல்ல. எத்தனை மிச்சம் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றால் வருவது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய முத்திரைக் காசு சில, குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் கிடைக்கும். நேற்று அடித்த காசு லட்சத்துக்குப் போகும் என்று யாராவது சொன்னால் அதனால்தான் நம்பக்கூடாது.

அந்த அம்மாளின் டப்பாவில் இன்னும் என்ன இருக்கிறது என்று கொட்டிப் பார்த்தோம். ஓட்டைக் காலணா இரண்டு. அதைப் பார்த்ததும் அவரே சிரித்தார். யுத்த காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு, 1943 முதல் 1947 வரை அடித்தது. 64 சேர்ந்தால் ஒரு ரூபாய். அப்புறம் ஒரு நயா பைசா. அடியில் மூன்று ஒரு ஃபிராங்க் காசு, வருடம் 1960. ஒரு பெண் காற்றில் முந்தானை பறக்க, விதை தூவிக்கொண்டு நடக்கிறாள், பின்னால் சூரியன்.

"இது மாமனாரோடது. மிலித்தேரில இருந்தாரு, இந்தோஷீன்லாம் போய் வந்தவரு. இதுவாவது ஏதாவது போகுமா சார்?"

அந்த ஃபிராங்க் 2002 பிப்ரவரி 17ஆம் தேதியோடு செல்லாக்காசு ஆகிவிட்டது. வங்கியில் மாற்றிக்கொள்ளக் கொடுத்த கெடுவும் காசுக்கு 2005இலும் நோட்டுக்கு 2012இலும் முடிந்தது. எங்கள் ஊரில் சொல்தா வீடுகளில் எத்தனை பெட்டிக்குள் இப்படித் தூங்குகிறதோ! விலை ஒன்றும் இல்லை அம்மா என்றேன். பிறகு, 1960இல் அந்த நாட்டில் நூறு பழைய ஃபிராங்கை ஒரு புது ஃபிராங்க் ஆக்கினார்கள், அந்த முதல் வருடத்துக் காசு இது, உங்கள் மாமனார் புதிதாக வந்த காசைப் பார்த்து ஆசையாக எடுத்து வைத்திருப்பார் என்றேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மாமனார் எப்படி இருப்பார், மாதாமாதம் பென்ஷன் வாங்கிய அன்று என்ன வாங்கி வருவார் என்று அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் போனது. ஒன்பதாயிரம் ரூபாய் கவலையை அந்த முக்கால் மணி நேரம் அவர் மறந்திருந்தார்.

கடைசியாக, குமாஸ்தாவாக இருந்த பழக்கதோஷத்தில் சில குறிப்புகள். காசைத் தேய்க்காதீர்கள். களிம்பு அழுக்கல்ல, அதன் சட்டை. மண் இருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி எடுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள். மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தால் பச்சையாகப் பிசுபிசுக்கும், காகித உறை நல்லது. கடற்காற்று அடிக்கும் ஊரில் டப்பாவுக்குள் மருந்து பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள். மண்ணைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால் 1878ஆம் வருடச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தக் காசு, யார் கொடுத்தது, எப்போது என்று எழுதுங்கள். கோப்பில் பதியாத தாள் தொலைந்த தாள் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வோம், காசுக்கும் அதுவே. என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அந்தத் தேய்ந்த துட்டு இருக்கிறது. வியாபாரி யாரும் அதற்குப் பத்து ரூபாய் கூடக் கொடுக்கமாட்டார். பக்கத்தில் 'ஆயா கொடுத்தது, நான் கெடுத்தது' என்று எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மாள் மூன்று ஃபிராங்கையும் ஒரு காகித உறையில் போட்டு, மாமனார் பெயரை எழுதி எடுத்துப் போனார். ஐந்து ரூபாயைப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டாராம்.