வீட்டை எழுதும்போது விடக் கூடாத ஒரு வரி

"கண் மூடுவதற்குள் வீட்டைப் பிள்ளை பேரில் எழுதிவிட வேண்டும்." பல பெற்றோரின் ஆசை இது. கூடவே ஒரு பயமும் உண்டு. சர்க்கார் வரி போட்டுவிடுமோ?

நன்கொடை வரி

அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். 1958-ம் ஆண்டு நன்கொடை வரி வந்தது. 1998-ல் அது நீக்கப்பட்டது. இன்று பெற்றோர் தானமாகத் தரும் வீட்டுக்கு மகனோ, மகளோ வருமான வரி கட்ட வேண்டியது இல்லை. கொடுப்பவருக்கும் வரி இல்லை.

பத்திரச் செலவு உண்டு. தமிழ்நாட்டில் இதற்குச் "செட்டில்மெண்டு பத்திரம்" என்று பெயர். 2023 ஜூலையில் இதன் உச்ச வரம்பு உயர்த்தப்பட்டது. ஸ்டாம்புக்கு ரூ.40 ஆயிரம், பதிவுக்கு ரூ.10 ஆயிரம். வீட்டின் மதிப்பு ரூ.60 லட்சம் என்றாலும், ரூ.50 ஆயிரத்தோடு இந்த இரண்டும் முடிந்துவிடும்.

பிறகு விற்றால்?

தந்தை 2005-ல் ரூ.10 லட்சத்துக்கு வாங்கிய வீடு என்று வைத்துக் கொள்வோம். மகன் அதை ரூ.60 லட்சத்துக்கு விற்கிறார். "எனக்கு இனாமாக வந்தது" என்று அவர் சொல்ல முடியாது. தந்தை கொடுத்த விலைதான் கணக்கு. மீதி லாபத்துக்கு மகன் வரி கட்ட வேண்டும். ஆகவே பழைய கிரயப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தாய் தொடுத்த வழக்கு

வரியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்காவிட்டால் என்ன செய்வது?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு தாய் 2019-ல் மகனுக்குச் சொத்தை எழுதி வைத்தார். மகன் கவனிக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். பராமரிக்கும் நிபந்தனை தானப் பத்திரத்தில் இல்லை என்று ஐகோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பு கூறியது. ஆனால், மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிச் சீட்டு தாயிடம் இருந்தது. 2025 ஜனவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தானத்தை ரத்து செய்தது. சொத்து தாய்க்கே திரும்பியது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிப்புத் தீர்ப்பாயம் மீட்டுத் தர அதில் வழி இருக்கிறது. 60 வயது ஆனவர்கள் மனுக் கொடுக்கலாம்.

எழுத வேண்டிய வரி

"என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும். என் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருக்க எனக்கு உரிமை உண்டு." பத்திரத்தில் இதை எழுதச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நல்ல பிள்ளைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

சர்க்கார் வரிக்குப் பயந்த காலம் போய்விட்டது. பத்திரத்தில் இந்த ஒரு வரியை விட்டுவிடத்தான் பயப்பட வேண்டும்.