நம்பாதவன் கேட்ட கேள்வி



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் எங்களுக்கு விருந்தினர் காலமும் தொடங்கிவிடும். ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் குளிக்க வரும் உறவினர்களால் வீடு நிறையும். அதே சாரல் காலத்தில்தான் திராவிடர் கழகமும் ஆண்டுதோறும் குற்றாலத்தில் தனது பெரியாரியல் பயிற்சி முகாமை நடத்தி வருகிறது. பல ஊர்களிலிருந்து வரும் இளைஞர்கள் சில நாட்கள் தங்கி, கடவுள் இல்லை என்பதற்கான வாதங்களைக் கேட்டு, அருவியிலும் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஒரு ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த முகாமின் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்த பெரியவர் ஒருவர், "அல்லாஹ்வுக்குப் பயப்படாதவனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்? அவன் யாருக்குப் பயப்படப் போகிறான்?" என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். நானும் தலையசைத்தேன். பயான்களில் பலமுறை கேட்டுப் பழகிய கருத்து அது. மறுத்துப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இன்று மறுக்கிறேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லியாக வேண்டும். அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

எங்கள் வாப்பா மவுத்தாகும்போது ஒரு வீடும், ஒரு கடையும், கொஞ்சம் நன்செய் நிலமும் விட்டுச் சென்றார்கள். உம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வாரிசுகள் அண்ணன், நான், எங்கள் தங்கை ஆகிய மூவர். ஃபராயிள் கணக்குப்படி சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஆண் மக்களுக்கு இரண்டிரண்டு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்கும் தர வேண்டும். மதரஸாவில் ஓதிய சிறுவனுக்குக்கூடத் தெரிந்த கணக்கு. ஆனால் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, இனி என்ன பங்கு?" என்பதே வழக்கம். நாங்களும் அவ்வாறே செய்தோம். தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். அவள் மறுப்பேதும் சொல்லவில்லை. மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைய அஸர் தொழுகையை நானும் அண்ணனும் முதல் வரிசையில் நின்று தொழுதோம்.

எங்களைக் கேள்வி கேட்டவன் அண்ணன் மகன். பொறியியல் படித்துச் சென்னையில் வேலை பார்ப்பவன். தொழுகையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தனக்கு நம்பிக்கை இல்லை என்று வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டவன். அதனால் அவன் உம்மா அழாத நாளில்லை. சாரலுக்கு ஊர் வந்திருந்தபோது பத்திரம் பதிவான செய்தியைக் கேட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்னிடம் வந்தான். "சாச்சா, மாமிக்குப் பங்கு உண்டுன்னு குர்ஆன்ல இருக்குதானே?" என்றான். "இருக்கிறது" என்றேன். "அதை நம்புறது நீங்கதானே, நான் இல்லையே?" என்றான்.

அவ்வளவுதான் அவன் கேட்டது. அந்தச் சொத்து அண்ணன் வழியாக ஒருநாள் அவனுக்கே வரப்போகிறது. மாமிக்குப் பங்கு போனால் நட்டம் அவனுக்கும்தான். அதை அறிந்தே கேட்டான்.

இந்நிகழ்ச்சியை நான் பின்னர் சொன்னபோது சிலர் ஓர் ஆறுதல் கூறினார்கள். அவன் முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவன், அவனிடம் இருக்கும் நேர்மை நம் மார்க்கம் ஊட்டியதன் மிச்சம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் அதே வீட்டில், அதே உம்மா கையால் சோறு உண்டு, இன்றுவரை ஐந்து வேளை தொழுது வரும் எங்கள் இருவரிடம் அந்த மிச்சம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை. தவிரவும், நம் வேதத்தையோ நம் நபியையோ கேள்விப்படாமலே இழந்த பணப்பையை உரியவரிடம் சேர்க்கும் ஜப்பானியரின் நேர்மையை எதன் மிச்சம் என்பது?

விடை தேடி நான் போனது நாத்திகர்களின் நூல்களுக்கு அன்று. நபி (ஸல்) அவர்களின் வரலாற்றிலேயே அது இருக்கிறது. நாம் படித்துவிட்டு வேகமாகக் கடந்துவிடும் பக்கங்களில் இருக்கிறது.

யமன் தேசத்து வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்தார். அதை வாங்கிய ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவர் விலையைத் தர மறுத்தார். ஆதரவற்ற அந்த வெளியூர்க்காரர் அபூகுபைஸ் மலைமீது ஏறி நின்று நியாயம் கேட்டு முழங்கினார். அதைக் கேட்டுக் கலங்கிய சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். மக்காவில் அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும், அவருடைய உரிமை கிடைக்கும்வரை அவர் பக்கம் ஒன்றாக நிற்பதென்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். வணிகருக்கு அவருடைய பொருளையும் மீட்டுக் கொடுத்தார்கள். அப்போது குர்ஆன் இறங்கியிருக்கவில்லை. கூடியவர்கள் சிலைகளை வணங்கிய சமூகத்தார். இருபது வயதளவில் இருந்த அண்ணலார் (ஸல்) அவர்களும் அச்சபையில் இருந்தார்கள். நபித்துவம் கிடைத்த பின்னரும் அதை எண்ணி மகிழ்ந்தார்கள். இஸ்லாத்திலும் அத்தகைய உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் உடன்படுவேன் என்றார்கள். வஹீ வருவதற்கு முன் மனிதரிடம் நன்மையே இருக்க முடியாது என்றால், அந்தச் சபையை அண்ணலார் ஏன் போற்ற வேண்டும்?

தாயிஃபிலிருந்து கல்லடிபட்டுத் திரும்பியபோது, மக்காவுக்குள் நுழைய அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் முத்இம் இப்னு அதீ. அவர் கடைசிவரை இஸ்லாத்தை ஏற்கவில்லை. பத்ருப் போருக்குப் பின், முத்இம் உயிரோடு இருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஹிஜ்ரத்தின்போது பாதை காட்ட அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் இப்னு உரைக்கித்தும் அன்று குறைஷிகளின் மதத்திலேயே இருந்தவர்தான். மக்கத்துக் குறைஷிகள் தலைக்குப் பரிசு அறிவித்துத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நபியவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் தங்கள் இரு ஒட்டகங்களையும் அவர் கையில் ஒப்படைத்தார்கள். தவ்ர் குகையில் இருக்கும் இடத்தையும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் பிற மதத்தவர் ஒருவரை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்போம்?

மறுபக்கச் சான்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இப்னு ஜுத்ஆன் உறவுகளைப் பேணியவர், ஏழைகளுக்கு உணவளித்தவர். அது அவருக்கு மறுமையில் பலன் தருமா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள். தராது, தீர்ப்பு நாளில் என் பாவத்தை மன்னிப்பாயாக என்று அவர் ஒருநாளும் இறைவனிடம் கேட்டதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நம் பெரியவர்கள் இந்த ஹதீஸைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அதில் கேள்வி மறுமையின் கூலியைப் பற்றியது. அவர் ஏழைகளுக்கு உணவளித்தது நற்செயலே இல்லை என்று நபியவர்கள் கூறவில்லை. கூலி கொடுப்பவன் அல்லாஹ். அதில் கைவைக்க நான் யார்? பக்கத்து வீட்டுக்காரரின் நாணயத்தை எடைபோடுவது வேறு விஷயம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் நாம் பள்ளிவாசல் வாசலில் தலையசைக்கிறோம்.

நம் இமாம்கள் இதை அன்றே விவாதித்திருக்கிறார்கள். நன்மை தீமையை அறிவு தானாகவே அறியுமா, அல்லது வஹீ வந்து சொன்னால்தான் தெரியுமா என்பது இல்முல் கலாமின் பழைய வழக்கு. அறிவால் அறிய முடியும் என்றார்கள் முஃதஸிலாக்கள். மார்க்கம் ஏவியதே நன்மை, விலக்கியதே தீமை என்றார்கள் அஷ்அரிகள். ஹனஃபி மத்ஹபினர் பின்பற்றும் மாத்துரீதி வழியோ பலவற்றின் நன்மை தீமையை அறிவு கண்டுகொள்ளும் என்றது. தமிழகத்தில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் கலந்தே வாழ்கிறோம். தொழுகையில் கை கட்டுவது பற்றி நாம் செய்யும் சர்ச்சையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குச் செலவிட்டதில்லை. மனித ஆன்மாவுக்கு அதன் தீமையையும் இறையச்சத்தையும் இறைவனே உணர்த்தியிருப்பதாக சூரா அஷ்ஷம்ஸ் கூறுகிறது. அங்கே முஸ்லிமின் ஆன்மா என்று பிரித்துச் சொல்லப்படவில்லை.

எங்கள் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான ஒடுக்கப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். ஊர் ரஹ்மத் நகர் ஆயிற்று. டெல்லி வரை அமளி ஏற்பட்டது. வளைகுடாப் பணம் என்றார்கள். அம்மக்கள் சொன்ன காரணமோ எளியது: சாதியின் பெயரால் அன்றாடம் பட்ட அவமானம், மனிதராக நடத்தப்பட வேண்டும் என்ற வேட்கை. இதை நாம் மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அதன் பொருளை எண்ணிப் பார்த்தோமா? மனிதனை மனிதன் இழிவுபடுத்துவது அநீதி என்பதைக் கலிமா சொன்ன பிறகு அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை. அதை முன்பே அறிந்திருந்தார்கள். அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் மதங்களை எடைபோட்டார்கள், நம்மையும் எடைபோட்டார்கள். அவர்களோடு ஒரே வரிசையில் நின்று தொழுதோம், உண்மை. பெண் கொடுத்துப் பெண் எடுத்தோமா என்பதை அவரவர் தங்கள் குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரியாரும் இதைத்தான் செய்தார். இறைவனை மறுத்த அவர் பல மீலாது மேடைகளில் பேசினார். இழிவு நீங்க இஸ்லாத்துக்குப் போகலாம் என்று 1947 மார்ச்சில் திருச்சியில் உரையாற்றினார். அந்த உரையை நாம் நூலாக வாங்கி வாசிக்கிறோம், பரிசளிக்கிறோம். ஒரு நாத்திகரின் நீதியுணர்வை நம்பி அவரிடம் நற்சான்றிதழ் பெற்றுக்கொண்டு, நாத்திகருக்கு நீதியுணர்வு கிடையாது என்றும் சொல்வது எவ்வகை நியாயம்?

2017 மார்ச் 16 இரவை நான் மறப்பதில்லை. திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்த பாரூக் என்ற இளைஞர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பாளராக ஆனவர், கோவையில் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் நம் சமுதாயத்தினர். முஸ்லிம் அமைப்புகள் கண்டித்தன. ஆனாலும் கண்டனத்தோடு சேர்த்து, "அவரும் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்று தாழ்ந்த குரலில் சொன்னவர்களை நான் அறிவேன். மகனின் மரணத்துக்குப் பின் தந்தை தாமும் மகன் இருந்த இயக்கத்தில் சேரப்போவதாகக் கூறியதைச் செய்தியில் படித்தோம். அந்த இரவில் இறையச்சம் யாரிடம் இருந்தது என்று என்னிடம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்படியானால் மார்க்கம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் எனக்காக மட்டும் பதில் சொல்கிறேன். தங்கை வழக்குத் தொடுக்க மாட்டாள். 1937 ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், பெண்களின் பங்கை விழுங்கிவந்த ஊர்வழக்கத்தை ஒதுக்கத்தான் வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவளுக்கு அதனால் என்ன பயன்? ஜமாஅத்திலும் யாரும் கேட்கப் போவதில்லை, அவர்கள் வீட்டுக் கதையும் இதுவே. பூமியில் என்னைக் கேட்க ஒருவருமில்லை. அண்ணன் மகன் கேட்ட கேள்வியை இரண்டு நாளில் மறந்திருப்பேன். மறக்க முடியாமல் போனதற்குக் காரணம், ஒருநாள் நான் நிறுத்தப்பட்டுக் கேட்கப்படுவேன் என்று உண்மையிலேயே நம்புவதுதான். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் மலைபோல் கொண்டுவந்து, பிறர் பொருளை உண்டதற்கு ஈடாக அத்தனையையும் இழந்து நிற்கும் ஏழையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அவன் தொழாதவன் அல்லன். நன்றாகத் தொழுதவன். எது சரி என்பதை அவன் எனக்குக் காட்டினான். அதிலிருந்து தப்பவிடாமல் பிடித்துக்கொண்டது என் ஈமான். மற்றவர்களுக்கு வேறு ஏதேனும் அதைச் செய்யக்கூடும். எனக்கு அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

என் கையிலிருந்த பாதியில் ஐந்தில் ஒரு பங்கு தங்கையுடையது. அண்ணன் கையிலுள்ள பாதியிலும் அவ்வளவே. அண்ணன் இன்னும் இசையவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்துக்கு ஈடாக நன்செயில் ஒரு பகுதியை அவள் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றாள். "உங்களோட சண்டை போட்டு வாங்கினேன்னு ஊர் சொல்லும்" என்றாள். எனக்குத் தெரியாமல் அண்ணன் மகன் போய்ப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறான்.

பதிவு நாளன்று காரை ஓட்டி வந்ததும் அவன்தான். வேலை முடிந்து வெளியே வரும்போது லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பக்கத்துப் பள்ளிவாசலில் நிறுத்தச் சொன்னேன். வழக்கமாக அந்த நேரத்தில் "நீயும் வாயேன்" என்று ஒரு வார்த்தை சொல்வேன். அன்று சொல்லவில்லை. தங்கையின் பத்திர உறையை மடியில் வைத்துக்கொண்டு அவன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். நான் ஒளூச் செய்யப் போனேன்.