கடலூர் டு சிதம்பரம்... சொந்த காரில் போய்வர ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?

"மாசம் பன்னிரண்டாயிரம் இ.எம்.ஐ. தானே, சமாளிச்சிடலாம்!" கார் வாங்கும் பேச்சு பல வீடுகளில் இந்த வரியோடு முடிந்துவிடுகிறது. மீதிச் செலவெல்லாம் கார் வாசலுக்கு வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

கடலூரில் வீடு, சிதம்பரத்தில் வேலை. பல்கலைக்கழகம், மருத்துவமனை, பள்ளி என்று இந்த ரூட்டில் தினமும் போய்வருபவர்கள் நிறைய பேர். அவர்களில் ஒருவர் புது கார் வாங்கினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரோட்டுக்கு வரும் விலை

ஷோரூம் விலை 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13 சதவிகிதம். அதுவே 91,000 ரூபாய். புது காருக்கு 3 வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸை மொத்தமாகக் கட்டியாக வேண்டும். 1000 முதல் 1500 சி.சி. வரை என்றால் அது 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. காருக்கான இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், இதர செலவுகளையும் சேர்த்தால் 8.4 லட்சம் என்று வைக்கலாம்.

2.4 லட்சம் கையிலிருந்து போட்டு, 6 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 5 வருடக் கடனாக வாங்கினால் இ.எம்.ஐ. சுமார் 12,450. வட்டி மட்டும் 1.47 லட்சம்.

மாதத்துக்கு எவ்வளவு?

ஒரு வழி 45 கி.மீ., மாதம் 24 நாள் வேலை. ஆக 2,160 கி.மீ.

* பெட்ரோல் (லிட்டருக்கு 18 கி.மீ., 101 ரூபாய்): 12,120
* விலை இறக்கம் (5 வருடம் கழித்து 3.4 லட்சத்துக்கு விற்றால்): 8,330
* கடன் வட்டி: 2,450
* இன்ஷூரன்ஸ்: 1,500
* சர்வீஸ், டயர்: 2,000
* சுங்கம்: 750

மொத்தம் 27,150 ரூபாய். ஒரு நாளைக்கு 1,130, கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய். கடனின் அசலை இதில் தனியாகச் சேர்க்கவில்லை. காரை விற்கும்போது திரும்பி வராத பணம் 'விலை இறக்கம்' என்ற வரியிலேயே இருக்கிறது. அந்த 8,330 ரூபாய் பர்ஸிலிருந்து மாதாமாதம் போவதில்லை என்பதால்தான் யாரும் அதை எண்ணுவதே இல்லை.

சுங்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. வழியில் கொத்தட்டையில் சுங்கச்சாவடி. 2025-ல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் ஒரு வருடத்துக்கு அல்லது 200 முறைக்கு, எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். தினமும் போக ஒன்று, வர ஒன்று என்றால் 100 வேலை நாளில் பாஸ் காலி. வருடத்துக்கு மூன்று பாஸ் வேண்டும்.

இப்போது பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஆட்டோ செலவைச் சேர்த்து, போகவர 200 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் 4,800தான். ரயில் நேரம் ஒத்துவந்து சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறையும்.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

2015 மழை வெள்ளத்தையும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய உங்கள் காருக்கு ஒரு பைசா கிடைக்காது. முழு இன்ஷூரன்ஸ் இருந்தாலும், தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது பழுதானால், 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பணம் வராது. பிரீமியத்தில் மிச்சம் பிடிக்கும்போது இந்த வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அப்போ கார் வேண்டாமா?

அப்படி இல்லை. நடக்க முடியாத பெற்றோர், இரவில் முடியும் ஷிஃப்ட், அடிக்கடி மருத்துவமனை என்று இருக்கும் வீட்டில் கார் ஆடம்பரம் அல்ல. கணவன், மனைவி இருவருக்கும் சிதம்பரத்தில் வேலை என்றால் தலைக்கு 565 ரூபாயாகக் குறைகிறது. நாலு பேர் சேர்ந்து போனால் 283.

மாதம் இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் என்றால் கதை வேறு. கார் வாசலிலேயே நின்றாலும் வட்டி, இன்ஷூரன்ஸ், விலை இறக்கம் மூன்றும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த இரண்டு பயணத்துக்கு உங்கள் ஊர் டாக்ஸிக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

இன்னும் முடிவெடுக்கவில்லையா? மூன்று மாதம், கார் வாங்கியதாகவே நினைத்து, இப்போதைய போக்குவரத்துச் செலவு போக மீதி 22,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். வீட்டுச் செலவு இடிக்காமல் போட முடிந்தால் தைரியமாக ஷோரூமுக்குப் போகலாம். முடியவில்லை என்றால், போட்டவரைக்கும் உள்ள பணம் முன்பணத்துக்கு ஆகும். பழைய காரையோ சின்ன காரையோ பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.