களம் இருக்கப் ‘பீல்டு’ எதற்கு?

சிற்றூர்க்குச் சென்று நாட்டுப்புறப் பாடல் திரட்டும் மாணவனும், மலையேறிப் பாறையை உடைத்து ஆராயும் நிலவியலாரும், வீடுவீடாய்ச் சென்று காய்ச்சல் கண்டாரைக் கணக்கெடுக்கும் நலவாழ்வுப் பணியாளரும் தத்தம் வேலைக்குச் சொல்லும் பெயர் ஒன்றே: ‘பீல்டு ஒர்க்’. தமிழிற் சொல் இல்லாமையா இதற்குக் கரணியம்? அன்று; தேடும் எண்ணம் இல்லாமையே.

ஆங்கிலத்தில் அச்சொற்குப் பொருள் பல. வயலிற் செய்யும் வேலையும் அது. படை தங்கிய வெளியில் விரைந்தெழுப்பும் மண்ணரணும் அது. நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் விட்டு வெளியே சென்று நேரிற் கண்டறியும் ஆய்வும் அது. வயலையும் போர்நிலத்தையும் குறித்த தம் சொல்லையே ஆங்கிலேயர் விரித்துக்கொண்டனர்; பிறர் வாயிலில் நின்று இரந்தாரல்லர்.

தமிழர்க்கோ அதனினும் பொருந்திய சொல் உண்டு. நெற்களமும் களம், போர்க்களமும் களம். அறுத்துக் கொணர்ந்த கதிரை அடித்துத் தூற்றிப் பதர் நீக்கி மணி கொள்ளுமிடம் அது. கண்டவற்றையும் கேட்டவற்றையும் திரட்டிப் பொய் நீக்கி மெய் கொள்ளும் ஆய்வுக்கு இதனினும் சிறந்த பெயர் வேண்டுமோ? ஆங்கே ஆற்றும் தொண்டு களப்பணி, அறியும் முயற்சி கள ஆய்வு, எழுதிவைப்பது களக்குறிப்பு. ஆங்கிலம் ஒன்றாய் மயக்குவதைத் தமிழ் பிரித்துக் காட்டுகின்றது.

இது பெயரளவில் நிற்கும் வழக்கன்று. மாந்தவியலிற் கள ஆய்வின் முன்னோடியாகப் போற்றப்பெறும் மாலினோவ்சுகி, 1915-க்கும் 1918-க்கும் இடையில் இருமுறை துரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கினார். தீவினர் மொழியைக் கற்று, அவர் வாய்மொழியிலேயே குறிப்பெடுத்தார். சங்கு வளையும் மாலையும் தீவுக்குத் தீவு கைமாறும் முறையை, அவர்கள் வழங்கிய ‘குலா’ என்னும் பெயராலேயே 1922-இல் வெளிவந்த தம் நூலில் உலகறியச் செய்தார்.

அயலார் ஒருவர் அயன்மொழிச் சொல்லைக் காத்தார். தமிழ் மாணவனோ, தன்னூர் உழவர் ‘பரம்பு’ என்றும் ‘பொலி’ என்றும் ‘சூடடித்தல்’ என்றும் சொல்லக் கேட்டும், அவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தே குறிக்கின்றான். ஏட்டிலேறாத சொல், சொன்ன முதியவரோடே மண்ணில் மறைகின்றது. மணியைக் களத்திலேயே விட்டுவிட்டுப் பதரை வீட்டுக்குச் சுமப்பதும் ஓர் ஆய்வாமோ?

களத்துக்குச் செல்வார் முதற்கண் களத்தின் மொழிக்குச் செல்க. கேட்ட சொல்லைக் கேட்டவாறே எழுதுக. தம் பணியையும் தமிழாற் பெயரிடுக.