இறால் மீது விழுந்த பழி

அம்மா ஆறு ஆண்டுகளாக இறாலைத் தொடுவதில்லை. ஒருநாள் இறால் சம்பால் சாப்பிட்ட இரவில், உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, அரிப்பால் தூங்காமல் தவித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இறாலுக்குத் தடை.

சென்ற மாதம் வயிற்று வலிக்காக அவரை சிடி ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றேன். உறுப்புகளும் இரத்தக் குழாய்களும் படத்தில் தெளிவாகத் தெரிய, கை நரம்பு வழியாக அயோடின் கலந்த ‘கான்ட்ராஸ்ட்’ மருந்தைச் செலுத்துவார்கள்.

“ஏதாவது ஒவ்வாமை இருக்கா, ஆன்ட்டி?” என்று கேட்டார் தாதி.

“இறால்” என்றார் அம்மா.

“இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் இல்லை. அதனால் ஸ்கேனுக்குத் தடையில்லை. முன்பு இந்த மருந்து போட்டிருக்கீங்களா?”

நான் முந்திக்கொண்டேன். “ஒருமுறை போட்டாங்க. ஒன்றும் ஆகல.”

அம்மா என் கையைப் பிடித்தார். “அன்றைக்குத்தானே, வீட்டுக்கு வரும் வழியில் சம்பால் வாங்கினோம்?”

தாதி ஊசியைக் கீழே வைத்தார். மருத்துவர் வந்து, அன்று போட்ட மருந்தின் பெயரைக் கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்கேன் தள்ளிப்போனது. பழைய மருத்துவமனையில் பதிவைக் கேட்டு வாங்கிய பிறகு, வேறொரு கான்ட்ராஸ்ட் மருந்து போட்டுப் படம் எடுத்தார்கள். அரை மணி நேரம் உட்கார வைத்துக் கவனித்தார்கள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மருந்து ஏறும்போது உடல் சூடாவதும் வாயில் உலோகச் சுவை தெரிவதும் இயல்பு. அரிப்பு, தடிப்பு, தொண்டை இறுக்கம், மூச்சுத்திணறல் என்றால் உடனே சொல்லுங்கள். கடுமையான விளைவுகள் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திற்குள் தெரியும். ஆனால் தோல் தடிப்பு சில மணி நேரமோ, சில நாளோ கழித்தும் வரலாம். எங்களை ஏமாற்றியது அதுதான்.

பயந்துபோய் ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலோருக்கு இந்த மருந்தால் தொல்லை வருவதில்லை. முன்பு இதே வகை மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் முக்கிய எச்சரிக்கை. ஆஸ்துமா இருந்தாலும் சொல்லுங்கள். மருந்தின் பெயரையும் தேதியையும் கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது குறித்து வைத்திருக்கிறேன்.

“அப்போ இறால் சாப்பிடலாமா?” என்றார் அம்மா, காரில் ஏறியதும்.

அவசரப்பட்டுப் பதில் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒவ்வாமை மருத்துவரிடம் தேதி வாங்கியிருக்கிறோம்.