பாதி உனக்கு!



'சீட்டு' என்ற சொல் நம் கொங்கு நாட்டிலே இரண்டு வேலை செய்கிறது. தாய் மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டி, மகளின் திருமணத்துக்கென்று எடுப்பதும் சீட்டு. தந்தை விடிய விடிய ஆடி, எடுத்ததை இழப்பதும் சீட்டு! முன்னது குடும்பத்தைக் கட்டும். பின்னது அந்தக் கட்டை அவிழ்க்கும். இந்த இரண்டாவது சீட்டிலே, 'இல்லாதவனுக்கும் பாதி' என்று இனிப்புத் தடவிய ஓர் ஆட்டம் உண்டு. அதன் வரலாற்றை இன்று உன்முன் வைக்கிறேன், ஆடுவதற்கல்ல, ஆய்வதற்கு!

போக்கர், அமெரிக்க மண்ணிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிப் படகுகளிலும் வளர்ந்தது. உயர்ந்த சீட்டு உடையவனுக்கே பணம் முழுதும் என்பது அதன் பழைய நீதி. மட்டமான சீட்டு வந்தவன் கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். ஒதுங்கிவிட்டால் மேசையிலே பணம் குவியுமா? குவியாது! ஆகவே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வந்தது புது விதி: உயர்ந்த சீட்டுக்குப் பாதி, தாழ்ந்த சீட்டுக்குப் பாதி! ஒதுங்கவேண்டியவன் உட்கார்ந்துவிட்டான், பணம் குவிந்தது.

1982-இல் லாஸ் வேகாஸ் நகரின் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதிக்கு ராபர்ட் டர்னர் என்பவர் ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். பில் பாய்டு அதனை அங்கே அரங்கேற்றினார். ஒமாகா என்று உலகெங்கும் பரவிய அந்த ஆட்டத்திலும் பாதிப் பங்கீடு புகுந்தது. கையிலே நான்கு சீட்டு. மேசையிலே அனைவர்க்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து இரண்டு, பொதுவிலிருந்து மூன்று சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

தாழ்ந்தவனுக்குப் பாதி என்றார்களே, எளிதில் கிடைக்குமா? ஐந்து சீட்டும் வெவ்வேறாக, எட்டுக்கு மேற்படாமல் இருக்கவேண்டும். இல்லையேல், முழுப்பணமும் உயர்ந்தவனுக்கே! ஏழ்மைக்கும் சான்றிதழ் கேட்கும் விந்தையைக் கண்டாயா? இன்னொரு விந்தையும் கேள். 'ஏஸ்' என்ற சீட்டு இருக்கிறதே, அது உயர்வுக்கு உயர்வு, தாழ்வுக்குத் தாழ்வு! மேல்வரிசையில் ராஜாவுக்கும் மேலே அமரும். கீழ்வரிசையில் இரண்டுக்கும் கீழே நிற்கும். அது வாய்த்தவன் இரண்டு பாதியையும் அள்ளிச்செல்ல வழியுண்டு.

கணக்கொன்று போட்டுப் பார். மூவர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள், 300. இடம் கொடுத்தவன் 12 ரூபாய் எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள், மிச்சம் 288. உயர்ந்தவனுக்கு 144. தாழ்ந்த சீட்டிலே இருவர் சமமென்றால், ஆளுக்கு 72. 'வென்றாய்' என்று மாலை சூட்டப்பட்டவன், 28 ரூபாய் இழந்து நிற்கிறான்! யார் வென்றாலும் தோற்றாலும், இடம் கொடுத்தவன் மட்டும் ஒருநாளும் தோற்பதில்லை.

தோழனே! 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்து, 1930-களில் பைக்காரா மின்சாரம் பாய்ந்து, கதிரும் தறியும் பெருகிய நாடு நம் கோவை நாடு. சூலூரிலும் சோமனூரிலும் திருப்பூரிலும் வியர்வை சிந்திப் பெறும் வாரக் கூலி, கைப்பேசித் திரையிலே ஒரே இரவில் கரையலாமா?

சட்டம் சும்மா இருந்ததா? இல்லை. 1930-ஆம் ஆண்டின் சூதாட்டத் தடைச் சட்டம், திறமை ஆட்டத்துக்கு விலக்களித்தது. ரம்மி பெரிதும் திறமையே என்றது உச்சநீதிமன்றம், 1967-இல். இணையவழிச் சூதைத் தடுக்கத் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், 2023-இல் மீண்டும் சட்டம் வந்தது. அவ்வாண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ரம்மிக்கும் போக்கருக்குமான தடை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2025 ஆகஸ்டில்தான், திறமையா தற்செயலா என்ற வழக்காடலை ஒதுக்கிவிட்டு, பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

திறமை உண்டென்பதை நான் மறுக்கவில்லை. யாருடைய திறமை என்பதே கேள்வி! பகலெல்லாம் தறியோடு போராடிக் களைத்தவன், ஆட்டமே தொழிலாகக் கொண்டவனோடு நள்ளிரவில் அமர்ந்தால், அந்தத் திறமையே அவன் தலைக்குக் கத்தியாகாதோ?

வள்ளுவர், சூது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவிலே வைத்தார். நோய் இன்னதென்று காட்டியாயிற்று. மருந்து நம் கையிலே! ஒரு வாயில் அடைபட்டால் மறுவாயில் தேடும் தந்திரம் சூதுக்குத் தெரியும். சட்டம் கதவை அடைக்கலாம். ஆசையை அடைப்பது அறிவன்றோ? சனிக்கிழமை மாலையிலே, கூலி கைக்கு வரும் வேளையிலே, படிப்பகத்தில் நால்வரைக் கூட்டு. 100 வைத்தவன் 72 பெற்று 'வென்ற' கணக்கைக் கரும்பலகையிலே எழுதிக் காட்டு.

அதோடு, அரசியலிலும் இந்த ஆட்டம் உண்டென்பதை எடுத்துரை. 'பாதி உனக்கு' என்று எவன் வந்து சொன்னாலும், கை நீட்டுமுன் மூன்று கேள்வி கேட்கச் சொல்: விதி எழுதியவன் யார்? முதலில் எடுத்துக்கொள்பவன் யார்? இரண்டு பக்கமும் செல்லும் சீட்டு எவன் கையில்? இம்மூன்றையும் கேட்கப் பழகிய தொழிலாளியை எந்த மேசையிலும் எவராலும் ஏய்க்கமுடியாது!