உளி பிடிக்கும் கைகள்

கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, உராய்வின் வெம்மையிலேயே அரக்குக் குச்சியை உருக்கி வண்ணமேற்றி, தாழை மடலால் மெருகிடுகின்றனர் பொம்மைத் தொழிலாளர். இக்கலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பெயரைக் காக்கிறது. தன் கைக்கேற்பத் தானே தீட்டிய உளியுடன் துண்டுக்கூலிக்கு உழைப்பவரைக் காக்கவில்லை. 2023இல் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் கருவிகளுக்கு 15,000 ரூபாய், பயிற்சி, கடன் ஆகியன உண்டு. நாள்தோறும் மரத்தூளைச் சுவாசிப்பவருக்குக் கூலி உத்தரவாதமோ ஓய்வூதியமோ அதில் இல்லை. வயிற்றுக்குப் போதாத தொழிலைப் பிள்ளைகள் எதற்காகக் கற்பார்கள்? பழைய கடைசல்களை அருங்காட்சியகத்தில் அடுக்குவது அரசுகளுக்கு எளிது, செலவும் குறைவு. கூட்டுறவு வழியே மலிவு விலையில் மரமும் அரக்கும், சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதியம் ஆகியவற்றை ஒன்றிய, மாநில அரசுகள் உடனே உறுதிசெய்ய வேண்டும்.